ஒரு கேமரா போதும் என்ற வாதம்

பொதுக் கூட்டங்களை வீடியோவில் பதிவு செய்வது பற்றி அரசு அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஊறிப்போன கருத்து ஒன்று உண்டு. ஒரு கேமராவைத் தொடக்கத்தில் ஓடவிட்டு முடிவில் நிறுத்தினால் நடந்தது நடந்தபடி பதிவாகிவிடும். இரண்டாவது கேமரா வந்தால் காட்சி மாற்றம் வரும். காட்சி மாறினால் வெட்டும் ஒட்டும் வரும். அதற்குப் பிறகு அது ஆவணமாக இராது, கல்யாண வீடியோவாகிவிடும். இதுவே அக்கருத்தின் சாரம். கேட்பதற்கு நேர்மையாக ஒலிக்கும் இந்த வாதம், கூட்டம் எப்படி நடக்கிறது, கேமரா எதைப் பார்க்கிறது, வெட்டு எங்கே விழுகிறது என்ற மூன்றையும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

காஞ்சிபுரத்தில் இந்த வாதம் கூடுதல் முரணோடு நிற்கிறது. முகூர்த்தப் பட்டு எடுக்கத் தமிழகமே வரும் ஊர் இது. இங்குள்ள மண்டபங்களில் முகூர்த்த நாளன்று நான்கு கேமரா, ஜிம்மி ஜிப், டிரோன், மேடைக்கு இருபுறமும் எல்.இ.டி. திரை என்று படம் பிடிக்கும் வீடியோகாரர்கள், அதே மண்டபத்தில் வேறொரு நாள் நடக்கும் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஒரே கேமராவோடும் ஒரு ஸ்டாண்டோடும் வந்து நிற்கிறார்கள். கல்யாணத்தில் பெண் வீட்டாரை முகமாகவும் மாப்பிள்ளை வீட்டாரை முதுகாகவும் எடுத்துக் கொடுத்தால் பாக்கிப் பணம் வசூலாகாது. இரு தரப்பு இருக்கும் இடத்தில் இரு பக்கமும் கேமரா வேண்டும் என்பது அந்தத் தொழிலில் யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத பாடம். ஒருவரது நிலமும் நீரும் பேசப்படும் கூட்டத்தில் மட்டும் அந்தப் பாடம் ஆடம்பரமாகிவிடுகிறது.

கூட்டம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் கோளாறு எங்கே என்பது தெரியும். மேடையில் வெள்ளைத் துணி போர்த்திய நீள மேசை. அதன் பின்னால் மாவட்ட ஆட்சியர் அல்லது அவரது பிரதிநிதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளர், திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனத்தார். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் மக்கள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே உள்ள வழியில், முன்வரிசையை ஒட்டி மக்களுக்கான மைக் ஒன்று. வீடியோகாரர் அதே வழியில் பத்துப் பதினைந்து வரிசை தள்ளி, மேடையைப் பார்த்து நிற்பார். பேச வருபவர் மைக்கைப் பிடித்து ஆட்சியரை நோக்கித்தான் பேசுவார், அதுதான் மரியாதையும். எனவே மூன்று மணி நேரப் பதிவில் மேடையில் இருப்பவர்களின் முகங்கள் மூன்று மணி நேரமும் தெரியும். பேசிய மக்களின் பின்னந்தலையும் சட்டைக் காலரும், பெண்களானால் பூச்சூடிய பின்னலும் தெரியும். பேசியவர் வாயசைவு இல்லை, கையில் தூக்கிக் காட்டிய பட்டா நகலில் என்ன இருந்தது என்பது இல்லை. அவர் பேசும்போது பின்னால் இருந்த இருநூறு பேர் தலையாட்டினார்களா, எழுந்து போனார்களா என்பதும் இல்லை. பதிவைப் பிறகு பார்க்கும் நிபுணர் குழு டெல்லியிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கும். அதற்குக் கிடைப்பது பொறுமையாகக் கேட்கும் அதிகாரிகளின் படமும், எங்கிருந்தோ வரும் கோபக் குரலும்தான்.

சட்டம் கேட்பது இதைவிட அதிகம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பு, கருத்துக்கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கை முழுவதையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வீடியோவில் பதிவு செய்ய ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், அந்தப் பதிவின் நகலை நடவடிக்கைக் குறிப்புடன் இணைத்து அனுப்ப வேண்டும் என்றும் விதிக்கிறது. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பு உண்டு. கூட்ட முடிவில் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. நடவடிக்கை என்பது மேடையில் நடப்பது மட்டும் என்று அந்த அறிவிக்கை எங்கும் சொல்லவில்லை. கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்ததுதான் கருத்துக்கேட்பு. அதில் ஒரு பாதியை முதுகுப்புறமாக எடுத்துவிட்டு முழுவதும் பதிவானது என்று சான்றளிப்பது, எழுத்தளவில்கூட விதியை நிறைவேற்றுவதாகாது.

பெரிய கூட்டங்களில் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. சென்னைக் கலைவாணர் அரங்கில் 2023 ஜனவரி 31 அன்று கருணாநிதிக்கான பேனா நினைவுச் சின்னம் பற்றி நடந்த கருத்துக்கேட்பில் கூச்சலும் எதிர்க்கூச்சலும் எழுந்தன. தொலைக்காட்சிக் கேமராக்கள் இருந்ததால் யார் என்ன பேசினார்கள், அரங்கம் எப்படி எதிர்வினை காட்டியது என்பது பல கோணங்களில் அன்று மாலையே வீடுகளுக்கு வந்துவிட்டது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கல் குவாரி ஒன்றுக்குக் கூட்டம் நடந்தால் தொலைக்காட்சி வராது. அங்கே வாரியம் அழைத்துவந்த அந்த ஒற்றைக் கேமராதான் வரலாறு. பல கேமரா தேவை என்பது பெரிய கூட்டங்களுக்கான கோரிக்கை என்று பலர் நினைப்பது தலைகீழ். சிறிய கூட்டத்துக்குத்தான் அது அதிகம் தேவை.

கிராம சபைக்கு வந்தால் பிரச்சினை எண்ணிக்கையாக மாறுகிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் கீழ் நடக்கும் கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு உண்டு: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வருகைப் பதிவேடு கூட்டத்துக்குப் பின் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறது என்பது பழைய புகார். இதற்கு மருந்தாகத்தான் வீடியோவைச் சொல்கிறார்கள். ஆனால் ஊராட்சித் தலைவரையும் செயலரையும் பற்றாளரையும் நோக்கி நிறுத்திய கேமராவால் 200 பேர் இருந்தார்களா என்று எப்படிச் சொல்ல முடியும்? முன்வரிசையில் 30 தலைகள் தெரியும். மீதி 170 பேர் ஊகம். மரத்தடியில் நடக்கும் கூட்டமானால் பாதிப் பேர், குறிப்பாகப் பெண்கள், சட்டகத்துக்கு வெளியே நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். தீர்மானத்துக்குக் கை உயர்த்துவதும் அங்கேதான் நடக்கும்.

மத்திய ஊராட்சி அமைச்சகம் 2025 ஆகஸ்டில் 'சபாசார்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது. கிராம சபையின் ஒலி, ஒளிப்பதிவிலிருந்து கூட்டக் குறிப்பைத் தானே எழுதித் தருவது அதன் வேலை. இனி பேச்சு பதிவானால் போதும், கேமராவைப் பற்றிய கவலை எதற்கு என்று இதை வைத்தும் ஒரு வாதம் கிளம்புகிறது. கை உயர்த்தினால் சத்தம் வராது. மைக்கைத் தராமல் மறுத்ததற்கும் சத்தம் வராது. பேச்சை மட்டும் வடிகட்டி எழுதும் கருவி வந்த பிறகு, பேச்சாகாத சம்மதத்தையும் மறுப்பையும் வேறு கண் ஒன்று பார்த்துவைக்க வேண்டிய தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் உள்ளிட்ட காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள் அதை எதிர்த்து வந்தன. ஏகனாபுரம் கிராம சபை அடுத்தடுத்துத் தீர்மானங்கள் போட்டது. திட்டம் சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் இத்தகைய தீர்மானத்தின் எடை முழுவதும் அதை யார், எத்தனை பேர் கூடி நிறைவேற்றினார்கள் என்பதில்தான் இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் அது சில வரிகள். ஊரே திரண்டிருந்ததா, சிலர் மட்டும் இருந்தார்களா என்பதைப் புத்தகம் சொல்லாது. தலைவரின் மேசையை மட்டும் பார்க்கும் படமும் சொல்லாது. இந்த விஷயத்தில் அரசு, ஊர் இரண்டுக்கும் நலன் ஒன்றே: கூட்டத்தை நோக்கிய கேமரா, பொய்யாகப் பெருக்கிச் சொல்வதையும் பொய்யாகச் சுருக்கிச் சொல்வதையும் ஒரே நேரத்தில் தடுக்கும்.

ஒரு கோணம் தீர்ப்பையே சாய்க்கும் என்பது வெறும் ஊகம் அன்று. அமெரிக்க உளவியலாளர் டேனியல் லாசிட்டர் 1986 முதல் நடத்திய ஆய்வுகள் காவல் நிலைய விசாரணைப் பதிவுகளை எடுத்துக்கொண்டன. ஒரே விசாரணையை மூன்று விதமாக எடுத்துக் காட்டினார்கள்: கைதி மட்டும் தெரியும்படி, விசாரிப்பவர் மட்டும் தெரியும்படி, இருவரும் சமமாகத் தெரியும்படி. பேச்சு ஒன்றே. ஆனால் கைதியை மட்டும் பார்த்தவர்களிடம், வாக்குமூலம் தானாக முன்வந்து கொடுக்கப்பட்டது என்று நம்பும் போக்கு அதிகமாக இருந்தது. இருவரையும் பார்த்தவர்களிடம் அந்தச் சாய்வு குறைந்தது. நியூசிலாந்துக் காவல்துறை இருவரையும் சமமாகக் காட்டும் முறையைப் பின்பற்றுகிறது. கருத்துக்கேட்பில் தெரிவது அதிகாரிகளின் பொறுமை. தெரியாதது அந்தப் பொறுமையைச் சோதித்தவரின் காரணம். பதிவைப் பார்ப்பவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைக் கேமரா வைத்த இடமே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. வைத்தவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெட்டில்லாத நேரலைகூட இதற்கு விலக்கல்ல. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் 1979 முதல் நேரலை உண்டு. கேமராக்கள் அவையின் கட்டுப்பாட்டில் இருப்பவை. நாளின் அலுவல் முடிந்த பிறகு சில குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் எதிர்க்கட்சியை நோக்கிக் கேள்வி எழுப்பி, பதில் வராததுபோல் இடைவெளி விட்டுப் பேசி வந்தார்கள். பேசுபவரை மட்டும் காட்டும் சட்டகத்தில், எதிர்த்தரப்பு வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. 1984 மே மாதம் அவைத் தலைவர் டிப் ஓநீல் கேமராவை அவை முழுவதும் சுழற்றிக் காட்ட உத்தரவிட்டார். நாற்காலிகள் காலி. ஓநீல் இதை முன்னறிவிப்பின்றிச் செய்தது பெரிய சண்டையானது. அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது, ஏனென்றால் பொதுக் கோணம் என்பது தலைவரின் மனநிலையைப் பொறுத்து வந்துபோகக் கூடாது. தொடக்கத்திலிருந்தே அவை முழுவதையும் காட்டும் கேமரா ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அந்த உத்தரவுக்கே வேலை இருந்திருக்காது.

இனி வெட்டு, ஒட்டு பற்றிய பயம். இந்தப் பயத்துக்குப் பின்னால் நல்ல விதி ஒன்று இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கைக் கிராம சபைகளைப் பதிவு செய்து, எந்த வெட்டும் இல்லாமல் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று அத்திட்டத்துக்கு விதி வகுக்கப்பட்டது. இதிலிருந்து ஒரே கேமரா என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை. வெட்டு என்பது கேமராக்களின் எண்ணிக்கையால் வருவதில்லை. மிக்சிங் செய்பவர் ஒரு காட்சியை எடுத்து மற்றதை எறிந்துவிடுவதால் வருகிறது. இரண்டு கேமராக்களின் பதிவையும் முழுதாக, தனித்தனியாக, அப்படியே ஒப்படைத்தால் வெட்டு எங்கே இருக்கிறது? மக்களுக்குக் காட்ட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே திரையில் ஓடவிடலாம். அதிலும் ஒரு ஃபிரேம்கூடப் போகாது. கல்யாண வீடியோவின் கேமராக்களை எடுத்துக்கொள்ளலாம். பாட்டையும் ஸ்லோமோஷனையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையில் வெட்டு விழுவது ஒற்றைக் கேமராவில்தான். வாடகைக்கு வரும் மிரர்லெஸ், டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் பல, 29 நிமிடம் 59 நொடியில் தானே நின்றுவிடும் வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பிரிவில் வீடியோ கேமராவாகக் கணக்கிடப்படாமல் இருக்கத் தயாரிப்பாளர்கள் வைத்த வரம்பு அது. மூன்று மணி நேரக் கூட்டத்தில் இப்படி ஐந்தாறு முறை நிற்கும். வீடியோகாரர் கவனித்து மீண்டும் பொத்தானை அழுத்தும் வரை இடைவெளி. பேட்டரி மாற்ற ஒரு இடைவெளி, மெமரி கார்டு மாற்ற ஒன்று. கரண்டு போனால் இன்னொன்று. கூட்டத்தில் கலவரம் மூண்ட அதே நிமிடம் அந்த இடைவெளியில் விழுந்தால், நிறுத்தியது கேமராவா ஆளா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இரண்டாவது கேமராவைப் பத்து நிமிடம் தள்ளித் தொடங்கினால், ஒன்று நிற்கும் நேரத்தில் மற்றது ஓடிக்கொண்டிருக்கும். வெட்டில்லாத பதிவு வேண்டும் என்பவர்கள்தான் இரண்டு கேமரா கேட்டு முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டும்.

செய்முறையில் மலைக்க ஒன்றும் இல்லை. ஒரு கேமரா மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து மேடை முழுவதையும் பார்க்கும். இன்னொன்று மேடையின் ஓரத்தில், ஆட்சியரின் தோளுக்குப் பக்கவாட்டில் நின்று, மக்கள் மைக்கையும் அதன் பின்னே கடைசி வரிசை வரையும் பார்க்கும். இரண்டும் ஸ்டாண்டில் அசையாமல், ஜூம் செய்யாமல் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள் போதும். ஒலியை மைக் செட் மிக்சரிலிருந்து நேராக ஒரு கேமராவுக்குக் கொடுத்துவிட வேண்டும். மண்டபத்து எதிரொலியில் கேமராவின் சொந்த மைக் பேச்சைக் கூழாக்கிவிடும். இன்னொரு கேமராவின் சொந்த மைக் கூட்டத்தின் முணுமுணுப்பை எடுக்கட்டும். பதிவு இரண்டும் ஓடத் தொடங்கியதும் மேடையில் ஒருவர் ஒரு முறை பலமாகக் கைதட்டினால், அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம். முடிவிலும் ஒரு முறை தட்ட வேண்டும். சாதாரணக் கேமராக்களின் கடிகாரம் நீண்ட நேர ஓட்டத்தில் சில ஃபிரேம் விலகும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பதிவில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சண்டை வந்தால் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் முழு எச்.டி. பதிவு மணிக்கு 3.6 ஜி.பி. பிடிக்கும். இரண்டு கேமரா, மூன்று மணி நேரம் என்றால் 22 ஜி.பி.க்கும் குறைவு, ஒரு சின்ன பென்டிரைவில் அடங்கும். சாமியானாவுக்கும் நாற்காலிக்கும் டீக்கும் கணக்குப் பார்க்காமல் செலவாகும் கூட்டத்தில், இரண்டாவது கேமராவின் வாடகையில் மட்டும் சிக்கனம் பேசுவது வேடிக்கை.

நீதிமன்றத்திலும் இரண்டின் மதிப்பு ஒன்றைவிட அதிகம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்த இடத்திலேயே இரண்டு கோப்புகளுக்கும் ஹாஷ் எடுத்து நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவிட்டால், பிறகு ஒன்றைத் திருத்தினாலும் தெரிந்துவிடும். ஹாஷ் எடுப்பதற்கு முன்பே ஒருவர் கைவைத்திருந்தால்? அப்போது அவர் இரு கோணத்தையும், இரு ஒலியையும், ஒன்றோடொன்று முரண்படாமல் திருத்தியாக வேண்டும். ஒற்றைக் கேமராவின் கோப்பில் அவருக்கு அந்தச் சிரமம் இல்லை.

எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே, அவையே பல கேமரா இல்லையா என்ற கேள்வியும் எழும். செல்போன் சண்டை தொடங்கிய பிறகுதான் பையிலிருந்து வெளியே வருகிறது. அதனால் அதன் பதிவில் கூச்சல் இருக்கும், கூச்சலுக்கு முந்தைய கேள்வி இருக்காது. அது வாட்ஸப்பில் நான்கு கை மாறும்போது சுருங்கி, எடுத்த நேரம், கருவி பற்றிய விவரங்களை இழந்து, 40 நொடித் துணுக்காக நிற்கும். அந்தத் துணுக்குப் பொய் என்று அலுவலகம் மறுக்கும். மறுப்பதற்கு அலுவலகத்திடம் இருப்பதோ முதுகுகளின் வீடியோ. தொடக்கம் முதல் முடிவு வரை கூட்டத்தைப் பார்த்த அதிகாரப்பூர்வக் கேமரா ஒன்று இருந்தால்தான் துணுக்கை மெய்யென்றோ பொய்யென்றோ சொல்ல முடியும்.

எதிர்த்தரப்பில் ஒதுக்கிவிட முடியாத வாதம் ஒன்றே: கூட்டத்தை நோக்கும் கேமரா கண்காணிப்பாக மாறலாம். போராட்டக் களங்களில் காவல்துறை முகம் முகமாகப் படமெடுப்பதை மக்கள் பார்த்திருக்கிறார்கள். சாதி அழுத்தம் உள்ள ஊரில் கிராம சபையில் எழுந்து பேசும் தலித் பெண்ணுக்குப் பதிவு பாதுகாப்பாகவும் இருக்கலாம், ஆபத்தாகவும் இருக்கலாம். இது மெய். ஆனால் ஒற்றைக் கேமரா இதற்கு விடை ஆகாது. ஊரில் முதுகையும் குரலையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். கருத்துக்கேட்பில் வந்தவர்களின் வருகை எப்படியும் எழுத்தில் குறிக்கப்பட்டு இணைக்கப்படுகிறது. செய்ய வேண்டியது வேறு: கூட்டக் கேமரா ஒருவர் முகத்தைத் தேடி ஜூம் செய்யாத அகலச் சட்டகமாகவே இருக்க வேண்டும், காவல்துறையின் கையில் இருக்கக் கூடாது, கேட்டுக்கொள்பவரின் முகத்தைப் பொதுப் பிரதியில் மட்டும் மங்கலாக்கி, மூலத்தை முத்திரையிட்டு வைக்க வேண்டும். அந்தக் கேமரா ஓடுகிறது என்பதைக் கூட்டத் தொடக்கத்தில் மைக்கில் அறிவிப்பதும் அவசியம்.

பல கண்கள் ஒரே நிகழ்வைப் பார்க்க வேண்டும் என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிய யோசனையும் அல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. மகாசபை சிறியவர் பெரியவரோடு கூடியிருக்கும்போது, நம்பிமார் எனப்படும் கோயில் அர்ச்சகர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். அதோடு முடியவில்லை, அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை மீண்டும் வாசித்த பிறகுதான் பெயர் எழுதப்படும். ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும் என்று அந்தச் சபை நினைத்திருந்தால், கல்லில் வெட்ட இத்தனை வரி தேவைப்பட்டிருக்காது. அதில் இடம்பெறுவதற்கான தகுதி இன்றைய கண்ணுக்கு மிகக் குறுகியது. நடைமுறையில் அது காட்டிய சந்தேகம் ஆரோக்கியமானது.

பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் பொதுப்பேரவை, மாநகராட்சியின் பகுதி சபை ஆகியவற்றுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். கூலி உயர்வு, ஈவுத்தொகை, நிர்வாகத்தின் கணக்கு எல்லாம் பேரவையில் ஒப்புதலுக்கு வரும்போது, மேடையில் செயலாட்சியர் வாசிப்பதைவிடக் கீழே நெசவாளர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதே பிறகு தகராறுக்கு வரும் விஷயம். ஒருமனதாக நிறைவேறியது என்ற வரி நடவடிக்கைக் குறிப்பில் எப்போதும் இருக்கிறது.

பதிவுகள் எங்கே இருக்கும் என்பது மீதி. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 2(j) உட்பிரிவு, தகவலை வீடியோவாகவும் பிற மின்னணு வடிவிலும் பெறும் உரிமையைத் தருகிறது. இரண்டு கேமராவின் மூலக் கோப்புகளும் பொது அதிகார அமைப்பின் வசம் இருக்கும் வரை இரண்டையும் கேட்கலாம். விண்ணப்பத்தில் கூட்ட வீடியோ என்று மட்டும் எழுதினால் மிக்சிங் செய்த ஒரே கோப்பு கைக்கு வரக்கூடும். ஒவ்வொரு கேமராவின் வெட்டப்படாத மூலக் கோப்பும், அன்று எடுத்த ஹாஷ் மதிப்பும் என்று தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும். அலுவலகமும் மூலக் கோப்புகளை எத்தனை ஆண்டு வைத்திருக்கும் என்பதைக் கூட்ட அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் முடியும் முன் கார்டை அழித்து அடுத்த கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டால் எத்தனை கேமரா வைத்தாலும் பலனில்லை.